லே-ஆஃப்: ஒரு வாக்கியத் திருத்தம்

ஒன்பதாவது படிக்கும்போது இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு கேள்வி. கீழே உள்ள ஃபிரேசல் வெர்ப்களைச் சொந்த வாக்கியத்தில் அமைக்கவும். புட் ஆஃப், கால் ஆஃப், செட் ஆஃப், லே ஆஃப். முதல் மூன்றுக்கும் கைடில் இருந்த வாக்கியத்தையே எழுதினேன். நாலாவதுக்கு மட்டும் கைடு தேவைப்படவில்லை, வீட்டிலேயே இருந்தது. 'மை ஃபாதர் இஸ் லேய்டு ஆஃப். ஹி வில் கோ டு ஒர்க் ஃப்ரம் மண்டே' என்று எழுதினேன்.

பேப்பர் திரும்பி வந்தபோது 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகியிருந்தது. இரண்டாவது வாக்கியம் முழுக்கச் சிவப்பு மையில் அடிபட்டிருந்தது. சார் விளக்கமும் சொன்னார். லே ஆஃப் என்றால் வேலையை விட்டு நீக்குவது. நீக்கப்பட்ட ஆள் திங்கட்கிழமை எப்படி வேலைக்குப் போவார்? தர்க்கம் சரியாகத்தான் பட்டது. ஆனால் அப்பா திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

அந்த ஒரு மார்க்கைக் கேட்டு வாங்கத்தான் இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கழித்து, சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு.

அப்பா திருவொற்றியூர் ஹைரோட்டை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் இருந்தார். பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை லே-ஆஃப் வரும். அந்த நாட்களிலும் அவர் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒன்பதரை, பத்து மணிக்குத் திரும்பி வருவார். டிபன் பாக்ஸ் திறக்காமலே வரும். லீவு நாளாக இருந்தால் அதை நானும் தங்கச்சியும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். பக்கத்து வீட்டு அக்கா திண்ணையிலிருந்தே கேட்பார்: "இன்னாக்கா, வூட்டுக்காரு வந்துட்டாரு, லீவா?" அம்மா சொல்வது: "லே ஆஃப் வுட்டுக்கிறாங்க."

அந்த 'வுட்டுக்கிறாங்க'தான் என் முதல் சாட்சி. எங்கள் பக்கத்தில் யாரும் அப்போது 'லே ஆஃப் பண்ணிட்டாங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. லீவு விடுவது போல, பள்ளிக்கூடம் விடுவது போல, லே-ஆஃபும் விடுவார்கள். விட்டால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. வேலையே போனால் அதற்கு வேறு சொற்கள் இருந்தன. தூக்கிட்டாங்க, நிப்பாட்டிட்டாங்க, கணக்கு தீர்த்துட்டாங்க. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் வினையைக் கடன் வாங்கிய மக்கள், அதற்குச் சரியான தமிழ்த் துணைவினையைத் தேர்ந்தெடுத்து ஒட்டவைத்து, அர்த்தத்தைப் பூட்டிவைத்திருந்தார்கள். எந்த கைடும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்யவில்லை என்பது என் கட்சி.

(இடையில் ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 'ஆஃப்' இங்கிலீஷ் ஆஃப் என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஆஃப் பாயில், ஆஃப் டே மாதிரி பாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லே-ஆஃப் நாளில் வருவது பாதிச் சம்பளம் ஆச்சே. தப்பான வழியில் சரியான இடத்துக்குப் போயிருக்கிறேன்.)

இப்போது சட்டம். தொழில் தகராறுகள் சட்டம் 1947ல் வந்தது. லே-ஆஃப் அதில் முதலில் கிடையாது. 1953ல் ஒரு திருத்தம் வந்து, அந்த வருஷம் அக்டோபர் 24 முதல் அமலானது. அதில்தான் லே-ஆஃபுக்கும் ரிட்ரெஞ்ச்மென்டுக்கும் தனித்தனி வரையறை கிடைத்தது. லே-ஆஃப் வரையறையை முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன். 'லே-ஆஃப்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'அதன் இலக்கண வேறுபாடுகளும் அதன் இனச்சொற்களும் சேர்த்து' என்று போட்டிருக்கிறார்கள். அதாவது பெயர்ச்சொல்லாக வந்தாலும் சரி, வினையாக வந்தாலும் சரி, லேய்டு ஆஃப் என்று எச்சமாக வந்தாலும் சரி, பொருள் இதுதான். ஒரு ஃபிரேசல் வெர்ப்பை வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நாடாளுமன்றம் சொன்ன அபூர்வமான இடம் இது.

பொருள் என்ன? நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரக் கோளாறு, இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் முதலாளி வேலை கொடுக்க முடியாமல் போவது, அல்லது மறுப்பது, அல்லது தவறுவது. யாருக்கு? இங்கேதான் முக்கியமான பகுதி வருகிறது: மஸ்டர் ரோலில் பெயர் இருக்கிற, ஆட்குறைப்பு செய்யப்படாத தொழிலாளிக்கு. பெயர் இருக்கிற வரைக்கும்தான் லே-ஆஃப். பெயரை அடித்துவிட்டால் அது லே-ஆஃப் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குறித்த நேரத்தில் தொழிலாளி வந்து நின்று, வந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால், அந்த நாளுக்கு அவர் லே-ஆஃப் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். இதைப் படித்ததும் அப்பாவின் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. ஏழு மணி ஷிப்ட், ஒன்பது மணி வரைக்கும் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பது, பிறகு நடந்து வருவது. அவர் ஏன் வீட்டிலேயே இருந்துவிடவில்லை என்பதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. வேலை நாளில் ஒரு தடவையாவது போய் நிற்காதவருக்கு இழப்பீடு கிடையாது என்கிறது இன்னொரு பிரிவு. ஒரு வருஷத் தொடர் சேவை இருந்தால் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 50 சதவீதம், வார விடுமுறை நீங்கலாக. பதிலிக்கும் கேஷுவலுக்கும் இல்லை. 50 பேருக்குக் கீழே உள்ள இடத்துக்கும் இல்லை. 45 நாளைத் தாண்டினால் ஆட்குறைப்பு செய்ய வழி உண்டு, அப்படிச் செய்தால் ஏற்கெனவே கொடுத்த லே-ஆஃப் பணத்தை ஆட்குறைப்பு இழப்பீட்டில் 'செட் ஆஃப்' செய்துகொள்ளலாம். பரீட்சையில் மூன்றாவதாக வந்த அதே செட் ஆஃப். கைடில் அதற்குப் பயணம் கிளம்புவது என்று மட்டும் போட்டிருந்தது.

அப்பாவிடம் இந்த இரண்டு மணி நேரக் கணக்கைச் சொன்னேன். "சட்டம்லாம் தெரியாது. ஒன்பது மணிக்கு டைம் ஆபீஸ்ல புக்கை மூடுவான். அதுக்கு முன்னாடி வந்துட்டா கையெழுத்துக்கு மரியாதை இல்லைன்னு சங்கத்துல சொல்லிவெச்சிருந்தாங்க" என்றார். ஆக, பிரிவு எண் தெரியாமலே அந்தத் தெரு முழுக்க அந்தப் பிரிவின்படி நடந்திருக்கிறது.

இலக்கணத்துக்குக் கொஞ்சம் வருவோம். லே, லை என்ற இரண்டு வினைகளைப் பிரித்துச் சொல்ல இங்கிலீஷ்காரர்களே திணறுவார்கள். நமக்கு அந்தத் திணறல் தேவையில்லை. லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. தன்வினை, பிறவினை. கிடந்தான், கிடத்தினான். முதலாவதுக்குச் செயப்படுபொருள் வேண்டாம், இரண்டாவதுக்குக் கட்டாயம் வேண்டும். காசிமேட்டிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குள் வர இடத்துக்குக் காத்து, வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள் தெரியும். கரையை விட்டு அப்படி விலகி நிற்பதை மாலுமிகள் 'லை ஆஃப்' என்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லவில்லை, காட்சி ஒன்றாக இருக்கிறது என்கிறேன். கப்பல் தானாகக் காத்து நிற்கிறது. தொழிலாளியை இன்னொருவர் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைக்கிறார். அதனால்தான் 'ஐ லேய்டு ஆஃப் ஃப்ரம் மை கம்பெனி' என்பது தப்பு. நிறுத்தியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். 'ஐ வாஸ் லேய்டு ஆஃப்' என்றே வர வேண்டும். பெயர்ச்சொல்லாக எழுதும்போது ஒரே சொல் அல்லது இடையில் கோடு, வினையாக எழுதும்போது இரண்டு சொல். 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: லேய்டு தெம் ஆஃப். லேய்டு ஆஃப் தெம் இல்லை. 'லே-ஆஃப்டு' என்று ஒரு புது வினையும் இப்போது ரெஸ்யூமேக்களில் பார்க்கிறேன். அதை இலக்கண வேறுபாடு என்று எந்தச் சட்டமும் ஏற்காது.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்பது யோசிக்கத்தக்கது. ஐடியில் இப்போது நாம் சொல்வது 'லே ஆஃப் ஆயிட்டேன்'. விட்டாங்க போய்விட்டது, பண்ணிட்டாங்க என்பதுகூடக் குறைகிறது. 'ஆகு' வந்ததும் செய்தவர் மறைந்துவிடுகிறார். மழை ஆச்சு, லேட் ஆச்சு, லே ஆஃப் ஆச்சு. இதை அப்படியே இங்கிலீஷில் தூக்கிவைத்தால் 'ஐ லேய்டு ஆஃப்' வரும். சரியான செயப்பாட்டு வாக்கியத்திலும் செய்தவர் பெயர் இல்லைதான், ஆனால் 'யாரால்?' என்று கேட்க ஒரு காலி இடம் இருக்கிறது.

சரி, என் சார் சொன்னது முழுத் தப்பா? இல்லை. இங்கிலீஷ் நகர்ந்துவிட்டது. 19ம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேலை இல்லாத சீசனுக்கு ஆட்களைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதுதான் லே ஆஃப். பிறகு நிரந்தரமாக அனுப்புவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள், இன்றைய அகராதிகளில் இரண்டு பொருளும் உண்டு. ஆனால் பழைய பொருள் அங்கேயே சாகவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை இன்றும் 'தற்காலிக லே-ஆஃப்' என்று தனி வரிசை வைத்திருக்கிறது. கொரோனா அடித்த 2020 ஏப்ரலில் அந்த வரிசையில் 1 கோடியே 81 லட்சம் பேர் இருந்தார்கள். பிரிட்டனில் 1996ம் வருஷத்து வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தில் லே-ஆஃப் தற்காலிகம்தான், நிரந்தரம் என்றால் ரிடண்டன்சி. சிங்கப்பூரில் வேலை போனவர் 'ரிட்ரெஞ்ச்' என்று சொல்வார். நம் சட்டச் சொல்லும் அதுதான், ஆனால் நம் வாயில் இல்லை.

மொழி மாறும், மாறட்டும், அதைப் பிடித்துக் கட்டிவைக்கிற ஆள் நான் இல்லை. என் குறை வேறு. நம் பத்திரிகைகளும் செய்தி சேனல்களும் ஐடி கம்பெனியில் ஆட்களை அனுப்பும்போது 'லே ஆஃப்' என்று தலைப்பு போட்டு, உள்ளே 'பணிநீக்கம்' என்று எழுதுகின்றன. பணிநீக்கம் என்றால் தண்டனையாக வீட்டுக்கு அனுப்புவதும் அதில் சேரும். மூன்று வேறு சம்பவங்கள் ஒரே சொல்லில் அடைக்கப்படுகின்றன. ஸ்ட்ரைக்குக்கு வேலைநிறுத்தம் வந்தது. லாக்-அவுட்டுக்குக் கதவடைப்பு என்ற அழகான சொல் வந்தது. 1918ல் பெரம்பூர்ப் பக்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கி, 1921ல் பி அண்ட் சி மில் போராட்டத்தைப் பார்த்த ஊருக்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டன. ரிட்ரெஞ்ச்மென்டுக்கு ஆட்குறைப்பு என்பதும் நன்றாகவே நின்றுவிட்டது. லே-ஆஃபுக்கு மட்டும் பேச்சில் நிலைத்த தமிழ்ச்சொல் இல்லை, 'வுட்டுக்கிறாங்க' என்ற அந்த ஒட்டு தவிர. அந்த ஒட்டையும் நாங்கள், அதாவது அந்தத் தெருவிலிருந்து பி.இ. படித்து ஓ.எம்.ஆர். பக்கம் பஸ் ஏறியவர்கள், தொலைத்துவிட்டோம்.

தொழிற்சாலைகளும் இந்தச் சொல்லைத் தவிர்க்கப் பார்க்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2019ல் வாகன விற்பனை விழுந்தபோது, செப்டம்பர் மாதம் அசோக் லேலண்ட் தன் ஆலைகளுக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது, எண்ணூருக்கு 16 நாள். அறிவிப்பில் இருந்த சொல் 'நான்-ஒர்க்கிங் டேஸ்'. அது சட்டப்படி எந்த வகை என்பது தனிக் கேள்வி. நான் பார்ப்பது சொல்லை மட்டும். லே-ஆஃப் என்றாலே இப்போது ஊருக்கு ஆட்களைத் தூக்குவது என்று கேட்கிறது, தற்காலிகமாக நிறுத்துகிற கம்பெனிக்கு அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். இன்னொரு பக்கம், நிரந்தரமாக அனுப்பும்போது ஐடியில் 'ரிலீஸ்' என்கிறார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னபோதும் அந்தச் சொல்தான். படம் ரிலீஸ், வெர்ஷன் ரிலீஸ், ஆள் ரிலீஸ்.

இதையெல்லாம் எழுத வைத்தது ஒரு வாக்கியத் திருத்தம்தான். போன வருஷம் என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு தம்பி ரெஸ்யூமேயை அனுப்பி, "அண்ணா, இங்கிலீஷ் மட்டும் பார்த்துக் குடுங்க" என்றான். கம்பெனி பெயர் வேண்டாம். 'ஐ லேய்டு ஆஃப் டியூ டு பிராஜெக்ட் ரேம்ப்-டவுன்' என்று இருந்தது. 'வாஸ்' சேர்த்தேன். சார் எனக்குச் செய்த அதே திருத்தம், அதே இடத்தில். பிறகு ஏதோ தோன்றி, கடைசி நாளில் என்ன பேப்பர் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அனுப்பினான். அதில் அவன் சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்ததாக இருந்தது. மீட்டிங் ரூமில் உட்காரவைத்து, இதை டைப் பண்ணி மெயில் அனுப்பினால் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் பிரச்சினை வராது என்றார்களாம்.

ஆக, என் திருத்தமும் தப்பு. பேச்சுவழக்கில் அவன் லேய்டு ஆஃப். காகிதத்தில் ரிசைண்டு. நடந்த காரியம் ஆட்குறைப்பு.

மூன்றுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 1947 சட்டத்தில் ஆட்குறைப்பு என்றால், ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனை அல்லாத எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி வேலையை முடிப்பது. இந்த 'எந்தக் காரணத்துக்காகவும்' என்பதை அப்படியே அகலமாகப் படிக்க வேண்டும் என்று 1976ல் ஸ்டேட் பாங்க் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னார். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரென்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். மறுபடி ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை. தானாக விலகினால் இதில் எதுவும் இல்லை. தம்பி ஆறு வருஷம் வேலை பார்த்தவன்.

லே-ஆஃப் என்பதோ அவனுக்குச் சட்டப்படி நடக்கவே முடியாத விஷயம். 1953 திருத்தத்தின் லே-ஆஃப் இழப்பீட்டுப் பிரிவுகள் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்குத்தான். ஆபீஸ் அதில் வராது. அப்படியென்றால் ஆபீஸ்காரரைக் காசு கொடுக்காமல் நிறுத்திவைக்கலாமா? 1976லேயே ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் இதற்குப் பதில் வந்தது. அந்தக் கம்பெனியின் டெல்லி ஆபீஸ் ஊழியர்களை நிறுத்திவைத்தார்கள். ஒப்பந்தத்திலோ நிலையாணைகளிலோ லே-ஆஃப் செய்ய அதிகாரம் இல்லையென்றால் முதலாளிக்குத் தானாக அந்த உரிமை கிடையாது, அப்படிச் செய்தால் முழுச் சம்பளம் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு வினைச்சொல்லைப் பயன்படுத்தவே அதிகாரம் வேண்டும் என்று ஒரு தீர்ப்பு!

ஐடி ஊழியர் எல்லாரும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவாரா என்பதில் சண்டை உண்டு. மேனேஜர் வேலை பார்ப்பவர் வரமாட்டார். ஆனால் ஐடிக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. தம்பிக்குக் கீழே ஒருத்தரும் வேலை பார்க்கவில்லை. அவன் கோடு எழுதினான், பக் சரிசெய்தான். 'டீம் லீட்' என்று பெயர் மட்டும் இருந்தது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களில் லே-ஆஃபுக்கும் ஆட்குறைப்புக்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற வரம்பு 100 பேரிலிருந்து 300 பேருக்கு ஏறியிருக்கிறது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். லே-ஆஃப் வரையறையில் மாற்றம் தேடினேன். நிலக்கரி அப்படியே இருக்கிறது, மஸ்டர் ரோல் இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் இலக்கண வேறுபாடுகளும் இருக்கின்றன.

தம்பியின் ரெஸ்யூமேயில் கடைசியில் என்ன எழுதினோம் என்றால், 'மை பொசிஷன் வாஸ் ரிட்ரெஞ்ச்டு' என்று நான் எழுதியதை அவன் அடித்துவிட்டான். ஹெச்.ஆர். கூகுள் பண்ணிப் பார்ப்பாங்க அண்ணா, கேஸ் போடுற ஆள்னு நினைச்சுக்குவாங்க என்றான். 'வாஸ் லேய்டு ஆஃப்' என்றே விட்டோம். ராஜினாமா மெயிலை எந்தச் சூழ்நிலையில் அனுப்பினான், ரூமில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி என்று தேதியோடு ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். தெரிந்த ஒரு தொழிலாளர் வக்கீல் பாரிமுனையில் சனிக்கிழமை இருப்பார். கூட்டிக்கொண்டு போக வேண்டும்.